எண்ணூறு மீட்டர்

அவசர பிரேக்கை இழுத்த பிறகும்
ரயில் எண்ணூறு மீட்டர் ஓடும்.
ஓட்டுநர்கள் எல்லாரும் பயிற்சியில் படித்ததுதான்.
மெப்பலுக்கும் ஸ்டேன்வெய்க்குக்கும் நடுவே
மூடுபனி விலகாத ஒரு செவ்வாய்க்கிழமை
சிவப்புக் கோட்டு போட்ட ஒருத்தி
தண்டவாளத்தில் ஏறி நின்று
என்னைப் பார்த்தாள்.
நான் இழுத்தேன்.
ஆறு வருடமாயிற்று.
அந்த ரயில் இன்னும் நிற்கவில்லை.

உறக்கத்தில் வலது கை இழுக்கும்.
சூப் குடிக்கையில் கரண்டியோடு சேர்த்து இழுக்கும்.
ரென்ஸ்கே வேறு அறையில் படுக்கப் போனாள்.
கோபமில்லை, விலாவில் அடி பட்டிருந்தது.
மூன்று வகை மாத்திரைகள் சாப்பிட்டேன்.
ஜன்னலுக்கு இன்னொரு கண்ணாடி போட்டது போல
சத்தம் குறைந்தது.
ரயில் குறையவில்லை.

க்ரோனிங்கனில் ஓர் ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள்.
காளானில் இருக்கும் சத்தாம், இருபத்தைந்து மில்லிகிராம்.
"ஆம்லெட்டிலேயே எனக்குக் காளான் ஆகாது" என்றேன்.
சிட்ஸ்கே சிரிக்கவில்லை, அதையும் குறித்துக்கொண்டாள்.
பதினோரு இடத்தில் கையெழுத்து.
குடும்பத்தில் யாருக்காவது சித்தம் கலங்கியதுண்டா என்று
மூன்று முறை கேட்டார்கள்.

கண்பட்டி. கம்பளி. செல்லோ.
நாற்பது நிமிடம் ஒன்றுமே இல்லை.
சர்க்கரைத்தூளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்
என்று நினைத்த நொடியில்
செல்லோவுக்கு நிறம் வந்தது,
மழையில் நனைந்த செங்கல்லின் நிறம்.
பிறகு என் பெயர் கழன்றது.
வீபெ என்பது எங்கோ தூரத்தில்
யாரோ கொடியில் காயப்போட்ட சட்டை.
பயந்தேன். வாந்தி எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்றாள் சிட்ஸ்கே.
கை எது என்று கேட்டேன்.

சிவப்புக் கோட்டோடு அவள் வருவாள் என்று காத்திருந்தேன்.
சொல்லவேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.
அவள் வரவில்லை.
வந்தது எண்ணூறு மீட்டர்.
ஒவ்வொரு மீட்டரும் ஒரு பிற்பகல் நீளம்.
வேலியோரம் முயல். சல்லிக்கல்லில் துரு.
வாய்க்கால் தண்ணீரில் தலைகீழாய் ஒரு பசு.
முந்நூறாவது மீட்டரில் என் கையைப் பார்த்தேன்.
நரம்பு புடைத்து, வெளிறி,
இனி இழுக்க இடமில்லாத பிரேக்கை
இழுத்துக்கொண்டே இருந்தது.
பாவம்.
நீ செய்தாயிற்று என்று
அதனிடம் யாரும் சொல்லவேயில்லை.
நான் சொன்னேன்.

அரைமணி நேரம் அழுததாகக் குறிப்பில் இருக்கிறது.
சிட்ஸ்கேயின் காலுறையில் வாத்துப் படங்களைக் கண்டு
அதைவிட அதிக நேரம் சிரித்ததும் இருக்கிறது.

மூளைப் படங்களை விரித்து ஏதோ விளக்கினார்கள்.
ஓயாமல் தன்னோடு பேசும் பகுதி சற்று அடங்க,
ஒன்றையொன்று அறியாத பகுதிகள் பேசத் தொடங்குமாம்.
எனக்குப் புரிந்தது வேறு.
ஜனவரியில், தடம் பிரியும் இடத்தில் பனி இறுகிவிடும்.
எந்த வண்டி வந்தாலும் ஒரே பாதைதான்.
அதற்காகத் தண்டவாளத்துக்கு அடியில் கேஸ் அடுப்பு எரியும்.
நெருப்பு ரயிலை ஓட்டாது.
புதுப் பாதை போடாது.
இரும்பு கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.
அசைந்ததை யாராவது சரியான பக்கம் தள்ளவேண்டும்;
அது மறுபடி உறைவதற்குள்.
அடுத்த எட்டு வாரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது
அதற்குத்தான்.

பக்கத்து அறையில் யௌக்யே. ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள்.
அதே மருந்து, இரண்டு முறை.
அவளுக்கு ஒன்றும் அசையவில்லை.
பேருந்து நிறுத்தத்தில் கையுறையைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"அழகாகத்தான் இருந்தது, வீபெ. அதுதான் கஷ்டம்."
இதை எழுதாமல் விட்டால்
மேலே எழுதியதெல்லாம் விளம்பரம்.

நேற்று ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றேன்.
மணி அடித்தது. தடுப்பு இறங்கியது.
லேவார்டன் போகும் வண்டி.
ஓட்டுநர் இளம்பெண்,
ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள்.
என் வலது கை எழும்பியது,
பாதி தூரம்.
மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
அவளுக்கு டாட்டா காட்டியது.